பிளக் பிடுங்கிய வால்வு ஆம்ப்

நான் சொல்லப் போவதை நம்பாதவர்கள் பொம்மிடிக்கு வரலாம். ஸ்டேஷனில் இறங்கி, ஆம்ப் ரிப்பேர் கலைவாணன் வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். என் இடது கையைக் காட்டுகிறேன். சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்காது. எரிகிற தீக்குச்சியை வைத்தாலும் சுடாது. வைத்துப் பார்த்திருக்கிறேன்.

பேய் என்றதும் ராத்திரி, சுடுகாடு, புளியமரம் என்று எதிர்பார்க்காதீர்கள். இது நடந்தது பட்டப்பகலில். என் சொந்த வீட்டில். சுவருக்கு அந்தப் பக்கம் என் மனைவி ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தபோது.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கிட்டாரை மாட்டி வாசிக்கிற ஆம்ப்ளிஃபயர்களில் பழைய ரகம் ஒன்று உண்டு. உள்ளே கண்ணாடி வால்வுகள் இருக்கும். சுவிட்சைப் போட்டவுடன் சத்தம் வராது. வால்வு சூடாகி, உள்ளே செம்மஞ்சளாக எரிய ஆரம்பித்த பிறகுதான் வாயைத் திறக்கும். அந்தச் சத்தத்துக்குக் கிறுக்குப் பிடித்து அலைகிறவர்கள் பெங்களூரில் நிறையப் பேர். எங்கேயாவது பழசாக வாங்கி, ரயிலில் ஏற்றி என்னிடம் கொண்டுவருவார்கள். ரிப்பேர் செய்வேன். கேட்கிற மாதிரி மாற்றியும் கொடுப்பேன்.

இந்த வேலையில் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. உள்ளே நானூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் கரன்ட் தேங்கி நிற்கும். அதனால் ஆம்ப்பைத் திறந்ததும் முதலில் அதை வடித்துவிட வேண்டும். மீட்டர் பூஜ்யம் காட்டினால்தான் விரல் உள்ளே போகும். இன்னொரு பழக்கமும் உண்டு. வலது கை வேலை செய்யும்போது இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு கையும் பட்டுவிட்டால் கரன்ட் நெஞ்சு வழியாகப் போகும்.

வீட்டுக்குள்ளேயே பேன்ட் மாட்டிக்கொண்டு உட்காருவதைப் பார்த்து என் மனைவி கோகிலவாணி சிரிப்பாள். "ஆபீசரு கெளம்பிட்டாரு" என்பாள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு தடவைகூட ஷாக் அடித்ததில்லை.

போன வருஷம் சித்திரை மாதம் மொரப்பூரிலிருந்து ரஞ்சித்குமார் என்று ஒருவன் வந்தான். முப்பது வயது இருக்கும். கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிப்பவன். ஆட்டோவிலிருந்து ஒரு வால்வு ஆம்ப்பை இறக்கினான். பழைய வெளிநாட்டுச் சரக்கு. நல்ல கனம்.

"இரைச்சல் வருதுங்கண்ணா. அத எடுக்கணும்" என்றான். "அப்புறம் இன்னொண்ணு. இதுல ஒரு தடவ ஒரு சவுண்டு வந்துச்சு. ஒரே ஒரு தடவதான். அது எனக்குத் திரும்ப வேணும்."

"எப்படிப்பட்ட சவுண்டு?"

யோசித்தான். "அழுவுற மாதிரியும் இருக்கும், பாடுற மாதிரியும் இருக்கும். வாயால சொல்ல வரலீங்கண்ணா. வந்தா உங்களுக்கே தெரியும்."

"உள்ள யாரு வேலை செஞ்சிருக்காங்க?"

"எங்க அண்ணன்."

"அவரையே கேக்கலாமே?"

"அவரு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டான். ஊரில் இல்லை என்கிறான் என்று நினைத்தேன்.

அன்று மதியமே ஆம்ப்பைத் திறந்தேன். அந்த அண்ணன் யாரோ, கை சுத்தமான ஆள். ஒவ்வொரு ஒயரும் படிய வாரின தலை மாதிரி இருந்தது. ஒரே ஒரு குறை. எர்த் இல்லாத பழைய இரண்டு முள் பிளக்கை மாற்றாமல் விட்டிருந்தார். ஒயரிங்கில் எங்காவது கசிந்தால் மேல் இரும்பெல்லாம் கரன்ட் ஏறிவிடும். இவ்வளவு தெரிந்த ஆள் அதை எப்படி விட்டார் என்று தோன்றியது.

அப்புறம் ஒரு வாசனை.

வால்வு ஆம்ப் சூடானால் தூசியும் மெழுகும் கலந்த ஒரு வாசனை வரும். எனக்குப் பிடிக்கும். ஆனால் இது ஜில்லென்று கிடந்த ஆம்ப். அதிலிருந்து நகம் பொசுங்கின வாசனை வந்தது. துணியில் ஸ்பிரிட் நனைத்து முழுக்கத் துடைத்தேன். போகவில்லை.

கெப்பாசிட்டர்களை வடித்தேன். மீட்டர் பூஜ்யம் காட்டியது. சாப்பிட்டுவிட்டு வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி மீட்டரை வைத்தேன்.

நாற்பது வோல்ட்.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. வடித்த பிறகும் கொஞ்சம் ஏறி நிற்பது வழக்கம்தான். மறுபடி வடித்தேன். பூஜ்யம். ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன்.

தொண்ணூறு.

பிளக் மேஜைமேல் என் கண்ணெதிரே கிடந்தது. சுவரில் இருந்த பிளக் பாயின்ட் காலி. மீட்டரில்தான் கோளாறு என்று பேட்டரியை மாற்றப் போனேன். அப்போதுதான் கவனித்தேன். என் இடது கை பாக்கெட்டில் இல்லை. ஆம்ப்பின் இரும்பு விளிம்பின்மேல், உள்ளங்கை கவிழ்ந்து, அமைதியாக இருந்தது.

நான் எடுத்து வைக்கவில்லை.

அன்று வேலையை அத்தோடு விட்டுவிட்டேன்.

மறுநாள் தையல் பெட்டியிலிருந்து ஒரு ஊக்கு கேட்டேன். எதற்கு என்றாள் கோகிலா. இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டு, முழுக்கைச் சட்டையின் கை நுனியையும் பாக்கெட்டையும் சேர்த்துக் குத்திவிடச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். குத்தியும் விட்டாள்.

அன்று இரைச்சலுக்குக் காரணமான கெப்பாசிட்டர்களை மாற்றினேன். வடித்து வடித்துத்தான் வேலை செய்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அதிகமாக ஏறியது. மற்றபடி ஒன்றும் நடக்கவில்லை. கையும் இருந்த இடத்தில் இருந்தது. சாயங்காலம் காபி கொடுக்கும்போது கோகிலா கேட்டாள்.

"மதியானம் யாருகிட்டங்க பேசிட்டிருந்தீங்க?"

"யாருகிட்டயும் பேசலையே."

"இல்லியே. 'ஆப் பண்ணு, ஆப் பண்ணு'ன்னு சொல்லிட்டே இருந்தீங்க. நான்கூட ஃபேனைத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன். மெஷினை விட்டுட்டு எந்திரிக்க முடியல."

நான் வாயே திறக்கவில்லை என்று சொன்னால் பயந்துவிடுவாள். ஏதோ பாட்டு முணுமுணுத்தேன் என்றேன்.

அந்த நேரத்தில் ரஞ்சித்குமார் போன் செய்தான். இரைச்சலைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"அந்த சவுண்டு வந்துச்சாங்கண்ணா?"

"இல்ல தம்பி. வேலை இன்னும் முடியல."

"வரும்ணா. கொஞ்ச நேரம் விடாம அதுகிட்டயே இருங்க. வரும்."

திருப்பிக் கொடுத்திருக்கலாம். இன்னும் எர்த் ஒயர் ஒன்று இழுத்தால் முடிந்தது வேலை. அரை மணி நேரம்கூட ஆகாது. நாளைக்கு முடித்து அனுப்பிவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள். வெயில் கொளுத்தியது. மதியம் இரண்டேகால். பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மோட்டார் சத்தம் தொந்தரவாக இருந்ததால் என் அறைக் கதவைச் சாத்தினேன். பிளக்கைப் பிடுங்கி, முள் இரண்டும் எனக்குத் தெரிகிற மாதிரி மேஜைமேல் வைத்தேன். கெப்பாசிட்டர்களை வடித்தேன். பூஜ்யம். மீட்டரை எடுக்காமல் அப்படியே கிளிப் போட்டு மாட்டிவிட்டேன்.

இடது கை பாக்கெட்டில். ஊக்கு குத்தியாகிவிட்டது.

வலது கையால் எர்த் ஒயரின் நுனியைச் சீவினேன். இரும்புப் பெட்டியில் அதை முறுக்க வேண்டிய இடத்தைத் தேய்த்தேன்.

மீட்டரில் எண் மாறியது.

பன்னிரண்டு... முப்பது... எழுபது...

வலது கையை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுக்கவும் பார்த்தேன். ஆனால் கை வரவில்லை. விரல்கள் இரும்பு விளிம்பைப் பிடித்திருந்தன.

நூற்று முப்பது... இருநூறு...

கூசவில்லை. சுடவில்லை. விரல்கள் மட்டும் மெல்ல மெல்ல இறுகின. யாரோ என் விரல்களின்மேல் தன் விரல்களை வைத்து அழுத்துகிற மாதிரி.

முந்நூற்றுப் பத்து...

வால்வுகளைப் பார்த்தேன். பிளக் இல்லாத ஆம்ப். நான்கு வால்வும் எரிந்தன.

அப்போது இடது பக்கம் ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தேன். ஊக்கு குத்தினபடியே இருந்தது. பாக்கெட் மூடினபடியே இருந்தது. கை வெளியே இருந்தது.

அது மேஜைமேல் ஏறியது. என் கண் முன்னால். விரல் விரலாக.

வேண்டாம் என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

ஆம்ப்பின் மறு விளிம்பைப் போய்ப் பிடித்தது.

நானூற்று இருபது.

அடித்தது.

நெஞ்சுக்குள் குதிரை உதைத்த மாதிரி இருந்தது. பல் கிட்டிக்கொண்டது. கண் மூட முடியவில்லை. உடம்பு முழுவதும் ஆடியது. ஆனால் கை இரண்டும் ஆடவில்லை.

கத்தினேன். "கோகிலா" என்று கத்தினேன்.

வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

ஆம்ப்பின் ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

நீளமாக... குழைந்து... அழுகிற மாதிரியும் பாடுகிற மாதிரியும் ஒரு நாதம்.

மறுபடி கத்தினேன். இன்னொரு நாதம். முன்னதைவிட உயரமாக.

தையல் மெஷின் நின்றது.

கேட்டுவிட்டாள். வந்துவிடுவாள். மெட்டியின் சத்தம் கதவுவரை வந்தது. கதவின் அடியில் அவள் நிழல் தெரிந்தது.

கத்தினேன். உயிரைத் திரட்டிக் கத்தினேன்.

"ஏங்க..." என்றாள் வெளியே. "எவ்ளோ நல்லா இருக்குதுங்க!"

நிழல் தாழ்ந்தது. கதவோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"நிறுத்தாதீங்க. இன்னும் கொஞ்சம் வாசிங்க."

நான் கத்தக் கத்த அது இனித்தது. பயம் ஏற ஏறச் சத்தம் குழைந்தது. தோல் பொசுங்கியபோது ஒரு கமகம் விழுந்தது. நான் அழுதேன். அழுதது அதைவிட நன்றாக இருந்திருக்க வேண்டும்.

வெளியே அவள் "ச்சு" கொட்டினாள்.

கூடவே முணுமுணுத்தாள்.

பிறகு... என் பின்னால், காதுக்கு வெகு அருகில், யாரோ மூச்சு விட்டார்கள். நிதானமாக. ரசித்துக் கேட்பவர் விடுகிற மூச்சு.

திரும்ப முடியவில்லை.

கடைசியாக ஒரு நாதம். மெல்ல இறங்கி... இறங்கி... நின்றது.

விட்டது.

நாற்காலியோடு பின்னால் விழுந்தேன். கதவு திறந்தது. கோகிலாவின் முகம் மலர்ந்திருந்தது. கையில் போன். "ஏன் நிறுத்திட்டீங்க? இவ்ளோ நல்லா வாசிப்பீங்கன்னு ஒரு நாளும்..." என்று ஆரம்பித்தவள் அறையைப் பார்த்தாள். கிட்டார் இல்லை. தரையில் நான். என் கையிலிருந்து புகை.

அவள் போட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது.

தருமபுரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டேன். இரண்டு உள்ளங்கையிலும் கோடு கோடாகத் தீய்ந்திருந்தது. பிளக் மாட்டவே இல்லை என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், கோகிலாவைப் பார்த்தார், "ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ரஞ்சித்குமார் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். மாற்றுத் துணி எடுக்கப் போயிருந்த கோகிலா, நடந்ததையெல்லாம் அழுதபடி சொல்லியிருக்கிறாள். அன்று கதவோரம் உட்கார்ந்து போனில் பதிவு செய்ததைக் கொஞ்சம் போட்டும் காட்டியிருக்கிறாள். அவன் கண்ணை மூடித் தலையை ஆட்டினானாம்.

"இதேதாங்கக்கா" என்றானாம். "இதை வாட்ஸ்அப்புல அனுப்பி விடுறீங்களா?"

நான் எப்படி இருக்கிறேன் என்று அவன் கேட்கவில்லை. ஆம்ப்பை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அப்புறம் போன் செய்தபோது ஒரே ஒரு தடவை எடுத்தான். அதட்டிக் கேட்டேன். பேச்சுவாக்கில் சொன்னான்: "உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேருகிட்ட குடுத்தேன். அவங்களுக்கு வரலீங்கண்ணா. உங்களுக்குத்தான் வந்துச்சு." ஆம்ப் இப்போது யாரிடம் என்று கேட்டதும் வைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் நன்றாகத் தூங்கினேன். கோகிலாதான் தூங்கவில்லை. "நீங்க செத்துட்டு இருந்தீங்க. நான் உக்காந்து ரசிச்சேன்" என்று நடு ராத்திரியில் எழுந்து சொல்வாள். தெரியாமல் நடந்ததற்கு நீ என்ன செய்வாய் என்று எவ்வளவோ சொன்னேன்.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. தைக்கும்போது அவள் ஏதோ முணுமுணுப்பாள். முன்பெல்லாம் சினிமாப் பாட்டு. இப்போது அது. நான் கத்தியது. அதே ஏற்றம், அதே இறக்கம். அவளுக்கே தெரியாது. தெரிந்த அன்று வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். மெஷினை அதற்குப் பிறகு தொடவில்லை.

"அந்த அண்ணன் யாருன்னு தெரிஞ்சே ஆகணுங்க" என்றாள் கடைசியில்.

மொரப்பூருக்கு ரயிலில் போனோம். ஆர்கெஸ்ட்ரா ரஞ்சித்குமார் என்று விசாரித்துக்கொண்டு போனால் அவன் வீடு பூட்டிக் கிடந்தது. அண்ணன் பெயர் சந்திரமோகன், இறந்து மூன்று வருஷம் ஆகிறது, மனைவி பாஞ்சாலி கொஞ்ச தூரத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

பாஞ்சாலி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். என் கையைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, "அந்தப் பொட்டியாங்கண்ணா?" என்று கேட்டாள்.

உள்ளே உட்கார வைத்தாள். எப்படி இறந்தார் என்று கேட்டேன். கரன்ட் அடித்து என்றாள்.

கோகிலா போனை எடுத்தாள். "இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்று அந்தப் பதிவைப் போட்டாள். நான் அதை முழுதாகக் கேட்டதே இல்லை. ஆரம்பித்தாலே உள்ளங்கை எரியும். கோகிலாவும் கடைசிவரை கேட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாஞ்சாலி போனைக் கையில் வாங்கிக் காதருகே வைத்தாள். பாதிவரை கேட்டாள்.

"இது எப்படிங்க உங்களுக்குக் கெடச்சுது?" என்றாள். "அன்னைக்கு யாருமே போன்ல புடிக்கலையே."

"என்னைக்கு?"

"அவரு போன அன்னைக்கு." போனைக் காதிலிருந்து எடுக்காமலே பேசினாள். "அவருக்கு ரிப்பேர் பண்ணத்தாங்க தெரியும். வாசிக்க வராது. ஒரு பாட்டு வாசிச்சதில்ல. அன்னைக்கு மதியானம் ரூமுக்குள்ள கதவைச் சாத்திட்டு வேலை பார்த்துட்டிருந்தாரு. திடீர்னு இந்த சத்தம். எனக்கு ஒரே பெருமைங்க. நம்மாளு வாசிக்கக் கத்துக்கிட்டாருன்னு... பக்கத்து வூட்டுப் பொம்பளைங்களையெல்லாம் கூப்பிட்டேன். பாய் போட்டு உக்கார வச்சேன். கதவைத் திறந்தா நிறுத்திடுவாருன்னு யாரும் திறக்கல."

கோகிலா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் கேட்டோங்க" என்றாள் பாஞ்சாலி. "முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டுனோம்."

அவள் கையில் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கடைசி நாதம். மெல்ல இறங்கி... இறங்கி... நின்றது.

ஒரு நொடி எதுவும் இல்லை.

பிறகு போனுக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது.

ஐந்தாறு பேர். வளையல்கள் குலுங்கின. ஒரு குழந்தைகூடச் சிரித்தது.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்த வீட்டில் பதிவு செய்தது அது.

கைதட்டல் ஓய்ந்ததும் ஒரு ஆண் குரல் உற்சாகமாகக் கத்தியது.

"இன்னொரு தடவண்ணா! இன்னும் ஒரே ஒரு தடவ!"

பாஞ்சாலி போனைத் தரையில் வைத்தாள்.

"எங்க கொழுந்தனாரு" என்றாள்.